பாடல் முதலில், படம் பிறகு: இணைய இலக்கியத்தையும் திரைப்படத்தையும் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருவது

பென்னாகரம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது: "இணையத்தில் இலக்கியம் கொட்டிக் கிடக்கிறது, பழைய படங்களும் இருக்கின்றன. பள்ளியில் ஹைடெக் லேப் உண்டு, ஆனால் இணைப்பு நம்பும்படி இல்லை. வகுப்பில் 48 பேர். பாடவேளை 45 நிமிடம். இவற்றை உருப்படியாகப் பயன்படுத்த வழி என்ன?"

ஒரு பாடத்துக்கு ஒரு சிறு பாடலோ ஒரு பக்கக் கதையோ போதும். அதோடு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடும் ஒரே ஒரு காட்சி. பாடலை முதலில் படிக்க வைத்து, அதன்பிறகே படத்தைக் காட்டுங்கள். இந்த வரிசை மாறினால் பாதி வேலை வீண். படத்தை முதலில் பார்த்த பிள்ளைக்கு அந்த நடிகரின் முகமும் குரலுமே பாடலாகிவிடும். பிறகு எத்தனை முறை படித்தாலும் திரையில் பார்த்ததைத்தான் வரிகளில் தேடுவான். முதலில் படித்துத் தானாக ஒரு படத்தை மனதில் வரைந்துகொண்ட பிள்ளையோ திரையைப் பார்த்ததும் "இது அப்படி இல்லையே சார்" என்பான். அந்த வாக்கியம் வந்துவிட்டால் உங்கள் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எடுத்துக்காட்டுக்கு வெளியூர் போக வேண்டாம். நீங்கள் இருப்பது அதியமான் ஆண்ட தகடூர் நாடு. புறநானூற்றின் 232ஆம் பாடல் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து இரங்கும் பாடல். "இல்லா கியரோ காலை மாலை" என்று தொடங்கும், மொத்தம் ஆறே அடி. மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், அவனுக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் வடித்த கள்ளை உகுத்தால் மட்டும் ஏற்றுக்கொள்வானா என்று கேட்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல்லை, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லை, பார்க்காத பிள்ளை குறைவு. வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் 'வேடியப்பன் கல்' என்று கும்பிடுகிற கல்லைத்தான் பாடல் பேசுகிறது என்று தெரியும்போது வகுப்பில் தூங்குகிறவனும் நிமிர்வான்.

பாடலை எங்கிருந்து எடுப்பது? நம்பி எடுக்க இரண்டு இடங்கள் போதும். ஒன்று, 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் நடத்தப்படும், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். மூலபாடம் மட்டும் வேண்டுமானால் இதுவே எளிது. கோப்பு சிறியது, யூனிகோடில் இருப்பதால் நகலெடுத்து ஒட்டலாம். இன்னொன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். மூலத்தோடு உரையும் வேண்டும்போது இங்கே போங்கள். அச்சுப் பதிப்பின் பக்கங்களையே பார்க்க வேண்டுமானால் அதே கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் வருடிய பக்கங்கள் உள்ளன. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை முதலில் பதிப்பித்தது 1894இல். அவர் பதிப்பின் ஒரு பக்கத்தைத் திரையில் இரண்டு நிமிடம் காட்டினால், பிரதி என்றால் என்ன, பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது) என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. ஒரு எச்சரிக்கை: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, றா, னா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். இன்றைய பிள்ளைகள் அங்கே தடுக்கி நிற்பார்கள். ஏழெட்டு எழுத்துகளைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கம் எழுதிப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உரைநடைக்குத் தமிழ் விக்கிமூலம் நல்லது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நிறைய உண்டு. அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் இயந்திரம் படித்த எழுத்து இன்னும் மெய்ப்புப் பார்க்கப்படவில்லை. மஞ்சள், ஒருவர் பார்த்தது. பச்சை, இன்னொருவரும் சரிபார்த்தது. சிவப்புப் பக்கத்தை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். 'ர'வும் 'ா'வும் இடம் மாறியிருக்கும், ஒற்று விழுந்திருக்கும். பிள்ளைகள் அதையே சரியென்று எழுதிப் பழகுவார்கள்.

தேடும்போது இன்னொரு சிக்கல். சந்தி பிரிப்பது தளத்துக்குத் தளம் மாறும். ஒரு இடத்தில் 'நாரரி' என்றிருப்பது இன்னொரு இடத்தில் 'நார் அரி' என்றிருக்கும். வரியின் நடுச்சொல்லைப் போட்டுத் தேடினால் "முடிவு இல்லை" என்று வரும், உடனே பாடலே இல்லை என்று நினைத்துவிடுவோம். நூற்பெயர், பாடல் எண், முதலடியின் முதற்சொல் இந்த மூன்றையும் வைத்துத் தேடுங்கள். கிடைத்ததும் இரண்டு தளங்களின் பாடத்தை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பாடலில் வரும் பிறங்கு, கெழீஇய போன்ற சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. பொருளை நீங்கள் சொல்வதைவிட, ஒரு குழுவை அனுப்பித் தேடி எடுத்துவரச் சொல்வது மேல்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "அதியமான் பற்றிய சங்கப் பாடல் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். பாடல் எண்ணைத் தவறாகச் சொல்லும். சில சமயம் சங்கப் பாடல் மாதிரியே தானாக நாலடி கட்டியும் தந்துவிடும். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் அப்படி எழுதிவந்தால் கண்டிப்பதைவிட, மூலத்தில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். இல்லாத பாடல் கிடைக்காது. அவர்களே புரிந்துகொள்வார்கள்.

இனி வகுப்பு. முதல் பாடவேளையில் திரையே வேண்டாம். ஆறு அடியையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து, நான்கு பேருக்கு ஒரு தாள் என்று 12 தாள் கொடுங்கள். நீங்கள் இருமுறை வாய்விட்டுப் படியுங்கள்: ஒருமுறை சீர் பிரித்து, ஒருமுறை பொருள் பிரித்து. பிறகு ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விக்கு எழுத வேண்டும். பேசுகிறவர் எங்கே நிற்கிறார்? எதைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்? கேமரா உங்கள் கையில் இருந்தால் முதலில் எதைக் காட்டுவீர்கள், கடைசியில் எதைக் காட்டுவீர்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். கல்லா, பீலியா, சிறு கலமா, பின்னால் தெரியும் மலையா என்று சண்டை வரும். வரட்டும். நான்கு கட்டம் போட்டுக் குச்சி மனிதர்களாக வரையச் சொல்லுங்கள். 20 நிமிடம் கொடுத்தால் போதும்.

'கள்' என்ற இடத்தில் சிரிப்பு வரும். அதை அடக்கப் பார்த்தால் கூடும். வீரனுக்குப் படைக்கும் படையல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, உங்கள் ஊர்க் கல்லுக்கு என்ன படைக்கிறார்கள் என்று கேளுங்கள், பேச்சு திரும்பிவிடும்.

நடுகல் படங்களுக்கு இணையத்தைவிட ஊர்தான் வளமான இடம். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் வீட்டுப் பெரியவரோடு போய்ச் செல்பேசியில் எடுத்துவரலாம். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால்தான் செதுக்கல் தெரியும். உச்சிவெயிலில் எடுத்தால் கல் வெறும் கல்லாகவே தெரியும். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்க விடாதீர்கள். கல் கெட்டுப்போகும், வழிபாட்டில் இருக்கும் கல்லென்றால் ஊரில் சண்டையும் வரும். செல்பேசி டார்ச்சை ஒருபுறத்திலிருந்து சாய்வாக அடித்தாலே போதும். இன்னொன்றைச் சொல்லியே தீர வேண்டும்: இந்தப் பகுதியில் எழுத்தோடு கிடைக்கும் நடுகற்கள் பெரும்பாலும் பல்லவர் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. "இது அதியமான் கல்" என்று யாராவது எழுதியிருந்தால் அதை அப்படியே வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. அதியமான் பெயர் கல்லில் வேண்டும் என்றால் 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டைக் காட்டுங்கள். 'அதியந் நெடுமாந் அஞ்சி' என்று பெயரே இருக்கிறது.

இரண்டாம் பாடவேளைக்குத் திரை. 1953இல் ஜெமினி எடுத்த ஔவையார் படம் பலருக்கும் தெரியும். கே.பி. சுந்தராம்பாள் நடித்தது. கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளம்பெண் பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டிக்கொள்ளலாம். முதல் முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கண்டதை மட்டும் எழுதட்டும். இரண்டாம் முறை திரையைத் துணியால் மூடி ஒலியை மட்டும் கேட்கட்டும். இசை எங்கே ஏறியது, எங்கே நின்றது என்று எழுதட்டும். மூன்றாம் முறை முழுதாக. தாளில் மூன்று பத்தி இருக்கட்டும்: கண்டது, கேட்டது, புறப்பாடல்களில் இதற்கு ஆதாரம் உண்டா?

மூன்றாம் பத்தியில்தான் பாடம் இருக்கிறது. படம் மரபுக்கதைகளைப் பின்பற்றியது. சங்க ஔவை, பின்னால் ஆத்திசூடி பாடிய ஔவை என்று வெவ்வேறு காலத்தவர்கள் மக்கள் நினைவில் ஒரே பாட்டியாகிவிட்டார்கள். ஆனால் புறநானூறு 89இல் பகையரசன் அவரை 'விறலி' (ஆடிப்பாடும் பெண்) என்றுதான் கூப்பிடுகிறான், வருணனையும் இளம்பெண்ணுக்கு உரியது. நெல்லிக்கனி பெற்றதைச் சொல்லும் 91ஆம் பாடலிலும் கிழவி என்று ஒரு சொல் இல்லை. இதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். படம் தப்பு என்று முடிப்பதும் வேண்டாம். மக்களுக்கு ஏன் ஒரு கிழவி தேவைப்பட்டாள் என்று கேட்டுப் பாருங்கள், ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சொல்லும் பதில் பல ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிடக் கூர்மையாக இருக்கும். 89இன் முதலடியை மட்டும் வகுப்புக்குப் போகுமுன் பார்த்துவிடுங்கள். பெண்ணுடல் வருணனை வருகிறது. முழுப்பாடலையும் கொடுப்பதா, இரண்டாம் அடியிலிருந்து கொடுப்பதா என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது.

மேல்வகுப்பு என்றால் வேறு இணைகள் உண்டு. புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து கிளம்பியது 1979இல் வந்த உதிரிப்பூக்கள். கதையிலிருந்து படம் எவ்வளவு தூரம் விலகிப்போயிருக்கிறது என்பதே பிள்ளைகளுக்கு நல்ல வேலை. கல்கியின் தியாக பூமி 1939இல் படமாகவும், படத்தின் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராகவும் ஒரே காலத்தில் வந்தது. எழுத்தும் படமும் ஒன்றுக்கொன்று முன்பின் இல்லாமல் பிறந்த அரிய எடுத்துக்காட்டு.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டம் இருக்கிறதே, அதைத் தனியாகப் பார்க்காதீர்கள். படம் முடிந்ததும் "கருத்து என்ன?" என்று கேட்டால் எல்லாத் தாளிலும் "நல்லதே செய்ய வேண்டும்" என்றுதான் இருக்கும். படத்தில் ஒருவரும் பேசாத ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பயிற்சி அங்கே கிடைக்கும்.

கருவிகளின் பக்கம் வருவோம். வகுப்பு நேரத்தில் இணையத்தை நம்பவே கூடாது. எல்லாம் முந்தைய நாளே பென்டிரைவில் இருக்க வேண்டும். ஹைடெக் லேபுக்கு 48 பேரையும் கூட்டிப்போய், உட்காரவைத்து, திரும்பக் கொண்டுவருவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். தேர்வு, பதிவு வேலைகளுக்கும் லேப் கேட்பார்கள். வகுப்பறைக்கே லேப்டாப்பும் புரொஜெக்டரும் வருவது நல்லது. தேடிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் லேபைப் பயன்படுத்துங்கள்.

வீடியோ எம்பி4 வடிவத்தில், 480பி தரத்தில் இருந்தால் போதும். பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்கு அதற்கு மேல் ஏற்றுவதில் பயனில்லை, கோப்புதான் பெருக்கும். ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. முழுப்படத்தை நகலெடுக்கும்போது நடுவில் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்மார்ட் டிவியில் எம்கேவி கோப்பு சில சமயம் ஒலியில்லாமல் ஓடும். லேப்டாப்பில் விஎல்சி போட்டு ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. விஎல்சியில் 'இ' (E) விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நகரும், ஒரு குளோசப்பை நிறுத்திப் பேச இதுவே போதும். சதுர அடைப்பு விசைகள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வசன வேகம் பிடிபடாத வகுப்புக்கு 0.8 வேகம் வைத்துப் பாருங்கள்.

தமிழ்த் துணைத்தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் கேள்விக்குறிகளாக வந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருதான் குறை. விஎல்சி அமைப்பில் நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள். துணைத்தலைப்பு முந்தினாலும் பிந்தினாலும் 'ஜி', 'ஹெச்' விசைகளால் சரிசெய்யலாம்.

படத்தைவிட ஒலிதான் வகுப்பைக் கெடுக்கும். மின்விசிறி ஓடும் அறையில் 48 பேருக்கு லேப்டாப் ஒலிபெருக்கி எட்டாது, 1950களின் ஒலிப்பதிவோ ஏற்கெனவே மங்கல். கம்பி வைத்த ஸ்பீக்கர் ஒன்று வேண்டும். புளூடூத் ஸ்பீக்கரில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிந்தும், 'ஜே', 'கே' விசைகளால் ஓரளவுதான் சரியாகும். செல்பேசியிலிருந்து டைப்-சி வழியாக ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் கம்பியை வாங்குமுன் உங்கள் செல்பேசி அதற்கு இடங்கொடுக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல செல்பேசிகளில் வேலை செய்யாது, கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். மின்சாரம் போனால்? அதற்குத்தான் அந்த 12 தாள்.

யூடியூபில் நேராக ஓட்டினால் நடுவில் விளம்பரம் வரும், முடிந்ததும் அடுத்த வீடியோ தானாகத் தொடங்கும். ஔவையைத் தொடர்ந்து என்ன வரும் என்பது உங்கள் கையில் இல்லை. தானியங்கி ஓட்டத்தை அணைத்துவிட்டு முழுத்திரையில் வையுங்கள். வெளிச்செயலிகளால் இறக்குவது அதன் விதிக்கு ஒவ்வாது. செயலிக்குள்ளேயே டவுன்லோடு பொத்தான் வரும் வீடியோவை அதில் சேமித்து, செல்பேசித் திரையை டிவியில் பிரதிபலித்தால் அந்த நேரத்தில் இணையம் தேவையில்லை.

உரிமை பற்றித் தயங்குகிறவர்கள் உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை அனுமதிக்கிறது. கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டும் பார்க்கும்படி படம் காட்டுவதையும் அனுமதிக்கிறது. ஊர்ச் சாவடியில் திரைகட்டி எல்லோரையும் கூப்பிட்டால் இந்தச் சலுகை இல்லை. பள்ளியின் பெயரில் யூடியூபில் ஏற்றுவதற்கும், வாட்ஸ்அப் குழுவில் முழுப்படத்தைப் பரப்புவதற்கும் இல்லை. இந்தியாவில் எழுத்துக்கு அதை எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டும், படத்துக்கு வெளியான பிறகு 60 ஆண்டும் உரிமை ஓடும், இரண்டும் அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 1953இன் படம் 2013 முடிவோடு விடுபட்டது, 1979இன் படம் இன்னும் உரிமையில் இருக்கிறது. வகுப்பறைக்குள் இரண்டையும் காட்டலாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பாதி வகுப்பாக இருக்கும் இடத்தில் சங்கப் பாடலிலிருந்து தொடங்க வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கிடைக்கும். நான்கு வாசிப்பு நிலைகள் உண்டு, படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சடிக்கத் தடையில்லை. முதலில் வீட்டுமொழியில் அந்தப் பிள்ளை வகுப்புக்குக் கதை சொல்லட்டும், மற்றவர்கள் படத்தைப் பார்த்து ஊகிக்கட்டும். பிறகு தமிழ்ப் பக்கத்தைத் திறங்கள். தமிழ் தெரியாத பிள்ளை என்ற பெயர் அன்றைக்கு அவனுக்கு இருக்காது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால் அவற்றையும் இதே முறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது வகுப்பு, நூல், பாடல் எண், ஆண்டு என்று வரிசையாக வையுங்கள். 'புதிய வீடியோ இறுதி 2' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. வெட்டிய காட்சி முழுப்படத்தில் எந்த நிமிடத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்பதையும், பாடலை எந்தத் தளத்தில் எடுத்தீர்கள் என்பதையும் ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். பென்டிரைவை மட்டும் நம்பாமல் லேப் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்தால் அடுத்து வருகிற தமிழாசிரியர் அதைத் திறந்து அப்படியே நடத்த முடியும்.